காய்ச்சலை அளந்த கதை

நள்ளிரவு. வீடு உறங்குகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை சிணுங்குகிறது. தாய் எழுந்து அதன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். அடுத்த கணமே விளக்கு எரிகிறது. வீடு முழுவதும் விழித்துக்கொள்கிறது. "உடம்பு அனலாய்க் கொதிக்கிறதே!" என்ற ஒரு சொல் எல்லோருடைய உறக்கத்தையும் கலைத்துவிடுகிறது. பாட்டி ஒன்று சொல்கிறாள். தந்தை ஒன்று சொல்கிறார். அண்டை வீட்டார் வந்து மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள். போர்த்து என்பார் ஒருவர். போர்வையை எடு என்பார் மற்றொருவர். பட்டினி போடு என்பார் ஒருவர். பால் கொடு என்பார் இன்னொருவர். இவர்களுக்கு நடுவே குழந்தை முனகிக்கொண்டு கிடக்கிறது.

இக்காட்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் காலத்துக்கு மட்டும் உரியதும் அன்று. குழந்தைகள் பிறந்த இடமெல்லாம் காய்ச்சலும் இருந்தது. காய்ச்சல் இருந்த இடமெல்லாம் இந்தக் கலக்கமும் இருந்தது. அக்கலக்கத்திலிருந்து மூன்று கேள்விகள் எழுந்தன. காய்ச்சல் இருக்கிறதா? எவ்வளவு இருக்கிறது? அதற்கு என்ன செய்வது? இம்மூன்றுக்கும் மனிதன் விடை தேடிய வரலாறே இன்று நாம் பேசப்போகும் பொருள். அவ்வரலாற்றின் இறுதியில் நான்காவது கேள்வி ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது. கேட்பதற்கு மிக எளிய கேள்வி அது. ஆயினும் அதை முறையாகக் கேட்கக் கற்றுக்கொள்ள மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் ஆயிற்று.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். காய்தல் என்பது வெப்பங்கொள்ளுதல். அதிலிருந்து வந்தது காய்ச்சல். சித்த மருத்துவ நூல்கள் அதனைச் சுரம் என்று கூறும். சுரங்கள் 64 என்பது யூகி முனிவர் பெயரால் வழங்கும் மருத்துவ மரபின் கணக்கு. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் நிலையில் நில்லாது மாறுபடும்போது நோய் தோன்றும் என்று நம் முன்னோர் கருதினர். கிரேக்க நாட்டிலும் ஏறத்தாழ இதே போக்கில் எண்ணினார்கள். குருதி, கோழை, மஞ்சட் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்கள் உடலில் சமநிலையில் நிற்க வேண்டும். நிலை பிறழ்ந்தால் நோய் வரும் என்பது ஹிப்பாக்ரட்டீஸ் வழிவந்த மருத்துவர்களின் கொள்கை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர் ஒரு படி மேலே சென்றார். கொதிநீரையும் பனிக்கட்டியையும் சம அளவாகக் கலந்தால் வரும் நிலையை நடுநிலை என்று வைத்தார். அதற்கு மேலே வெப்பத்துக்கு நான்கு படிகள். கீழே குளிர்ச்சிக்கு நான்கு படிகள். வெப்பத்தை எண்ணால் குறிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இதனை ஒரு வித்து என்று கூறலாம். ஆயினும் கேலனிடம் அளக்கும் கருவி இல்லை. அவருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்த ஒரே கருவி, நம் தாய்மாரிடம் இருக்கும் அதே கைதான்.

கை நல்ல கருவியா? நீங்களே சோதித்துப் பாருங்கள். மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கைபொறுக்கும் சுடுநீர். ஒன்றில் குளிர்ந்த நீர். நடுவிலுள்ளதில் வெதுவெதுப்பான நீர். இடக்கையைச் சுடுநீரிலும் வலக்கையைக் குளிர்நீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் நடுப் பாத்திரத்தில் ஒருங்கே இடுங்கள். ஒரே நீர், இடக்கைக்குக் குளிரும், வலக்கைக்குச் சுடும். அடுப்படியிலிருந்து வரும் தாயின் கையும் கிணற்றடியிலிருந்து வரும் தாயின் கையும் ஒரே குழந்தையைப் பற்றி இரு வேறு சான்று கூறக்கூடும். எனினும் தாயின் கையை அறவே ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அண்மைக்கால ஆய்வுகள் அதன் தகுதியை எடை போட்டிருக்கின்றன. காய்ச்சல் இல்லை என்று கை கூறினால் பெரும்பாலும் நம்பலாம். இருக்கிறது என்று கூறினால் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவே அவ்வாய்வுகள் தரும் பாடம்.

அளக்க வழியின்றி இருந்த அந்தக் காலத்தில் காய்ச்சலே ஒரு நோய் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பிக்கை எப்படியோ, சிகிச்சையும் அப்படியே. கெட்ட நீர்மத்தை வேர்வையாக வெளியேற்ற வேண்டும் என்று ஐரோப்பாவில் அறையின் சாளரங்களை அடைத்தார்கள், கணப்பை மூட்டினார்கள், நோயாளியின் மேல் போர்வைகளை அடுக்கினார்கள். அம்மை கண்ட குழந்தைகளும் இந்த வேக்காட்டில் கிடந்தன. லண்டன் நகர மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் இதனை எதிர்த்து எழுந்தார். 1666-ஆம் ஆண்டில் காய்ச்சல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சாளரத்தைத் திறவுங்கள், மெல்லிய போர்வை போதும், குளிர்ந்த பானம் கொடுங்கள் என்று அவர் கற்பித்தார். காய்ச்சல் என்பது உடலை அழிக்க வந்த பகை அன்று. பகையை வெளியேற்ற இயற்கை எடுக்கும் படைக்கலம் என்றும் அவர் கருதினார். அக்கருத்துக்குச் சான்று கிடைக்க முந்நூறு ஆண்டுகள் ஆயின. அதனைப் பின்னர்க் காண்போம்.

வேர்க்க வைத்தது போதாது என்று குருதியையும் வடித்தார்கள். பச்சிளங் குழந்தைகளின் உடலிலும் அட்டைகளை ஒட்டவிட்டுக் குருதியை உறிஞ்சச் செய்த காலம் அது. மேலும், காய்ச்சலுக்கு இரை கொடுக்கக் கூடாது என்று பட்டினி போட்டார்கள். லங்கணம் பரம ஔஷதம் என்று நம் நாட்டிலும் கூறுவதுண்டு அன்றோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற பேராசிரியர் இம்முறையை மறுத்தார். நெடுநாள் காய்ச்சலில் நோயாளிகளைக் கொல்வது நோய் பாதி, பசி பாதி என்று கண்டு, அவர்களுக்கு உணவூட்டச் செய்தார். தம் கல்லறையில் ஏதேனும் பொறிக்க விரும்பினால், காய்ச்சல்காரருக்கு உணவு கொடுத்தவன் என்று பொறித்தால் போதும் என்று அவர் தம் மாணவர்களிடம் சொன்னதாக வரலாறு கூறுகிறது.

இனி, அளவையின் கதைக்கு வருவோம். இத்தாலி நாட்டில் பாதுவா என்பது புகழ்பெற்ற பல்கலைக்கழக நகரம். அங்கே பேராசிரியராக இருந்தவர் சாண்டோரியோ. எதையும் நிறுத்தும் அளந்தும் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதவர். தராசிலே தொங்கும் நாற்காலியில் அமர்ந்து, தாம் உண்டதையும் கழித்ததையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தவர். அவர் ஒரு கண்ணாடிக் குமிழை நோயாளியின் வாயில் வைத்தார். குமிழிலிருந்து இறங்கும் நெடிய குழாயின் நுனி நீரில் மூழ்கியிருக்கும். வாயின் வெப்பத்தால் குமிழிலுள்ள காற்று விரியும். குழாயிலுள்ள நீர் கீழே தள்ளப்படும். குழாயின்மேல் இட்ட கோடுகளைக் கொண்டு எவ்வளவு தள்ளப்பட்டது என்று அவர் எண்ணினார். 1612-இல் வெளிவந்த நூலில் இக்கருவியைக் குறிப்பிட்டார். 1625-இல் வெளிவந்த நூலில் படமாகவே வரைந்து காட்டினார். மனித உடலின் வெப்பம் முதன்முதலாக எண்ணுக்குள் அகப்பட்டது. ஆயினும் அக்கருவியில் ஒரு குறை இருந்தது. காற்றழுத்தம் மாறினாலும் நீர்மட்டம் மாறும். காய்ச்சல் ஏறிற்றா, வானிலை மாறிற்றா என்பது விளங்காது.

அக்குறையைத் தீர்த்தவர் 1686-இல் டான்சிக் நகரில் பிறந்த டேனியல் பாரன்ஹீட். 1714-இல் மூடிய கண்ணாடிக் குழாயினுள் பாதரசத்தை அடைத்து நம்பத்தக்க வெப்பமானியைச் செய்தார். 1724-இல் தம் அளவுகோலை உலகுக்கு அறிவித்தார். பனிக்கட்டியும் உப்பும் சேர்ந்த கலவைக்குச் சுழி. பனிக்கட்டி கலந்த நீருக்கு 32. நலமுள்ள மனிதனின் உடலுக்கு 96. அளவுகோல் பின்னர்ச் சற்றே திருத்தப்பட்டதால் அந்த 96 இன்று 98.6 ஆக வழங்குகிறது. நம் வீட்டு வெப்பமானியில் இன்றும் அம்மனிதரின் பெயரே நிலவுகிறது.

கருவி வந்துவிட்டது, ஆனால் மருத்துவர்கள் அதைக் கையில் எடுக்கவில்லை. எடுத்த மிகச் சிலருள் ஒருவர் வியன்னாவில் பணிபுரிந்த ஆண்டன் டி ஹேன். அவர் ஒரு புதுமையைக் கண்டார். நோயாளி குளிரால் நடுங்குகிறான், பற்கள் கிட்டுகின்றன, போர்வை கேட்கிறான். அந்த நேரத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் உடல் வெப்பமோ ஏறிக்கொண்டிருக்கிறது! குளிர்கிறது என்று நோயாளி கூறுவதும் மெய். கொதிக்கிறது என்று கருவி கூறுவதும் மெய். இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

அதற்கு இன்று நாம் விடை கூற முடியும். மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்னும் சிறு பகுதி உண்டு. உடலின் வெப்பத்தை ஓர் அளவில் நிறுத்திவைப்பது அதன் பணிகளுள் ஒன்று. நோய்க்கிருமி புகுந்ததும் நம் வெள்ளணுக்கள் சில பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றின் விளைவாகப் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் தோன்றி, அந்த அளவை உயர்த்தி வைக்கிறது. 98.6-இல் இருந்த குறி 102-க்கு உயர்ந்துவிட்டது என்று கொள்வோம். அப்போது 99-இல் இருக்கும் உடலும் மூளைக்குக் குளிர்ந்த உடலே. ஆகவே தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காக்கின்றன. கை கால் சில்லிட்டிருக்க, நெற்றி சுடுவது இதனால்தான். எனவே காய்ச்சல் என்பது கட்டுத் தறித்து ஓடிய நெருப்பு அன்று. உடலே மூட்டி, உடலே அளவோடு காக்கும் அடுப்பு. கோடை வெயிலில் மயங்கி விழுபவனுடைய உடற்சூடு இதற்கு முற்றும் வேறானது. அங்கே காவலே குலைந்துவிடுகிறது. காய்ச்சலில் காவல் தன் பணியைச் செய்கிறது.

வெப்பமானிக்கு மருத்துவத்தில் அரியணை அளித்தவர் ஜெர்மனியின் லீப்சிக் நகரப் பேராசிரியர் கார்ல் உண்டர்லிக். ஏறத்தாழ 25,000 நோயாளிகளிடம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளை எடுத்து, 1868-இல் தம் பெருநூலை வெளியிட்டார். அவருடைய வெப்பமானி ஏறத்தாழ ஓர் அடி நீளம். அக்குளில் வைத்தால் சரியான அளவு காட்டக் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை ஆகும். சுரத்தில் துடிக்கும் குழந்தையை அத்தனை நேரம் அசையாமல் பிடித்திருந்த செவிலியரின் பொறுமையை எண்ணிப் பாருங்கள். உண்டர்லிக்கின் கணக்கில் நலமுள்ள உடலின் நடுத்தர வெப்பம் 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 பாரன்ஹீட். 38-ஐ, அதாவது 100.4-ஐத் தாண்டினால் காய்ச்சல். காலையில் வெப்பம் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும் என்பதையும் அவர் காட்டினார். எல்லாவற்றினும் சிறந்தது வேறொன்று: காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி என்பதை அவர் நிலைநாட்டினார். அன்று முதல், காய்ச்சலுக்கு மருந்து யாது என்ற கேள்வியோடு, இக்காய்ச்சல் எதனால் வந்தது என்ற கேள்வியும் எழலாயிற்று.

1992-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 148 இளைஞர்களை அளந்து பார்த்து, நலமுள்ளோரின் நடுத்தர வெப்பம் 98.2 தான் என்று திருத்தினார்கள். எண் மாறியதால் உண்டர்லிக்கின் பெருமை குன்றவில்லை. 98.6 என்பது கல்லில் பொறித்த எல்லையன்று; ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு வேளையும் சற்றே வேறுபடும் என்று அவரே காட்டியிருந்தார்.

ஓரடிக் கருவியை ஆறு அங்குலமாகக் குறுக்கி, ஐந்து நிமிடத்தில் அளவு காட்டச் செய்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட். இது நடந்தது 1860-களின் பிற்பகுதியில். சட்டைப் பையில் அடங்கும் வெப்பமானி வந்ததும் அது மருத்துவமனையைத் தாண்டி வெளியே வந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கல்வி புகட்டிப் புகழ்பெற்ற எடுவார் செகான், பிரான்சிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவர். அவர் 1873-இல் தாய்மாருக்கும் செவிலியருக்கும் என்றே வெப்பமானியைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். குழந்தையின் அருகில் இரவும் பகலும் இருப்பவள் தாய். அளக்கும் கலையை அவளுக்கே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்வாறு, தாயின் புறங்கை இருந்த இடத்தில் பாதரசக் குழாய் வந்து அமர்ந்தது.

எண் வந்தது, எண்ணைக் குறைக்கும் மருந்தும் வந்தது. 1763-இல் எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையைப் பொடித்துக் காய்ச்சல் கண்ட ஏறத்தாழ ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பயன் கண்டதை லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதியனுப்பினார். அப்பட்டையின் வழியில் வந்த ஆராய்ச்சி, 1899-இல் ஆஸ்பிரின் என்ற பெயருடன் கடைக்கு வந்தது. 1886-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் வேறொரு நிகழ்ச்சி. குடற்புழுவுக்காக நாப்தலீன் கேட்ட இரு மருத்துவர்களுக்கு, மருந்துக்கடையார் தவறுதலாக அசிட்டனிலைடு என்ற பொருளைக் கொடுத்துவிட்டார்கள். புழு போகவில்லை, காய்ச்சல் போயிற்று! ஆனால் அது குருதியைக் கெடுத்து உடலை நீலமாக்கியது. 1948-இல் பிராடி, ஆக்சல்ராட் என்னும் இரு அறிஞர்கள், அம்மருந்து உடலினுள் பாராசிட்டமாலாக மாறியே பயன் தருகிறது என்று காட்டினார்கள். பயனை மட்டும் கொள்ளலாம், கேட்டைத் தவிர்க்கலாம் என்பது விளங்கிற்று. 1955-இல் குழந்தைகளுக்கான பாகாகப் பாராசிட்டமால் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

இங்கே நம் வரலாறு ஒரு துயரமான திருப்பத்தை அடைகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலைநாட்டு வீடுகளில் ஆஸ்பிரின் இல்லாத அலமாரி இல்லை. குழந்தைகளுக்கென்றே இனிப்பூட்டிய சிறு மாத்திரைகள் விற்றன. எண் ஏறினால் மாத்திரை. மாத்திரை கொடுத்தால் எண் இறங்கும். எண் இறங்கினால் நிம்மதி. 1963-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூற்றியல் அறிஞர் டக்ளஸ் ரே, 21 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரணக் காய்ச்சல் வந்து தேறும் தறுவாயில் அக்குழந்தைகளுக்கு ஓயாத வாந்தி கண்டது, அறிவு மயங்கியது, வலிப்பு வந்தது. பெரும்பாலோர் இறந்தனர். சோதித்தபோது மூளை வீங்கியிருந்தது. கல்லீரலில் கொழுப்புப் படிந்திருந்தது. காரணம் விளங்கவில்லை.

17 ஆண்டுகள் சென்றன. 1980-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் காரென் ஸ்டார்க்கோ என்பவரும் அவருடைய தோழர்களும் இந்நோய் கண்ட ஏழு குழந்தைகளையும், அதே சமயம் காய்ச்சல் கண்டு இந்நோய்க்கு ஆளாகாத 16 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். ஏழு பேரும் ஆஸ்பிரின் இனத்து மருந்தை உட்கொண்டவர்கள். மற்ற 16 பேரில் பாதிப்பேரே உட்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து நடந்த பெரிய ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. 1986-இல் இங்கிலாந்து, 12 வயதுக்குட்பட்டோருக்கு ஆஸ்பிரின் ஆகாது என்று அறிவித்தது. 2002-இல் அவ்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. அமெரிக்காவிலும் 1986 முதல் மருந்தின் மேலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டது. 1979-80-இல் அங்கே 555 குழந்தைகளுக்கு வந்த இந்நோய், 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இருவருக்கு மேல் வரவில்லை.

அந்தத் தாய்மார் அறியாமையால் தவறிழைத்தவர்கள் என்று நாம் எண்ணலாகாது. அவர்கள் அன்பினால் கொடுத்தார்கள். அன்றைய மருத்துவம் சொன்னபடியே கொடுத்தார்கள். எண்ணைக் குறைத்தால் குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையே அவர்களைச் செலுத்திற்று. அந்நம்பிக்கை மெய்தானா என்று கேட்பதற்கு ஒரு பல்லி இனம் உதவி செய்தது.

1975-இல் மேத்யூ குளுகர் என்ற அமெரிக்க அறிஞரும் தோழர்களும் பாலைவன இகுவானா என்னும் பல்லிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். பல்லிக்குத் தானாக உடற்சூட்டை உயர்த்த இயலாது. வெப்பமான இடத்தை நாடிச் செல்லும். நோய்க்கிருமி ஊட்டப்பட்ட பல்லிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். 34 டிகிரி செல்சியஸில் வைத்தவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. 40-க்கு மேல் வைத்தவற்றுள் பெரும்பாலானவை பிழைத்தன. மறு ஆண்டு, காய்ச்சல் தணிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தால் காய்ச்சல் தணிந்த பல்லிகள் இறந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சிடன்ஹாம் கூறிய படைக்கலம் இதுதான். பல்லிக்குக் கண்டது குழந்தைக்கும் அப்படியே பொருந்தும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பாராசிட்டமால் குழந்தையைக் கெடுக்கும் என்றும் கொள்ளக்கூடாது. ஆனால் காய்ச்சலைக் கண்டதும் அதை நசுக்கியே தீர வேண்டும் என்ற எண்ணத்துக்கு இச்சோதனைகள் ஒரு தடை போட்டன.

1980-இல் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் பார்ட்டன் ஷ்மிட் 81 பெற்றோரை விசாரித்தார். மிதமான காய்ச்சலே மூளையைக் கெடுத்துவிடும் என்று அவர்களில் பலர் அஞ்சினார்கள். இதற்குக் காய்ச்சல் அச்சம் என்றே அவர் பெயரிட்டார். நோயைவிட எண்ணுக்கு அஞ்சும் அச்சம் அது. வலிப்பைப் பற்றிய அச்சமும் அதனோடு சேர்ந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வரக்கூடும். காண்பவர் உள்ளம் பதறும். ஆயினும் பெரும்பாலும் அது சில நிமிடங்களில் நின்றுவிடும், பின்விளைவு எதுவும் விடாது. காய்ச்சல் மருந்து அதனைத் தடுப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. குழந்தையை ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதன்முறை வந்த வலிப்பானால், நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணை நம்பாவிட்டால் எதை நம்புவது? இங்கேதான் நான்காவது கேள்வி வருகிறது. "குழந்தை எப்படி இருக்கிறது?"

பாப்புவா நியூகினி நாட்டின் மலைநாட்டில் நுரையீரல் அழற்சியால் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். சிற்றூர்களில் எக்ஸ்ரே கிடையாது, மருத்துவரும் கிடையாது. அங்கே பணிபுரிந்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும், குழந்தையின் மூச்சை எண்ணினாலே போதும், விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுக்கப்படுகிறதா என்று பார்த்தாலே போதும், நோயின் கடுமையைப் பெரும்பாலும் அறியலாம் என்று 1980-களில் காட்டினார்கள். அவ்வழியில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு எளிது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல். இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேல். ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடினால் அது விரைவு மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். இதற்கு வேண்டிய கருவி கைக்கடிகாரம் ஒன்றே. இதை உங்களில் எவரும் செய்யலாம்.

1982-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பால் மக்கார்த்தியும் அவருடைய தோழர்களும் குழந்தையைக் கண்ணால் ஆராய ஆறு குறிகள் வகுத்தார்கள். அழுகை வலுவாக இருக்கிறதா, முனகலாக இருக்கிறதா? பெற்றோர் தூக்கினால் அழுகை அடங்குகிறதா? எழுப்பினால் விழித்துக்கொள்கிறதா? நிறம் எப்படி? வாயும் கண்ணும் ஈரமாக உள்ளனவா? சிரித்துப் பேசினால் குழந்தையும் சிரிக்கிறதா? நூற்றாண்டுக்கணக்காகத் தாய்மார் உள்ளுணர்வால் கண்டதை அவர் அறிவியலின் ஏட்டில் ஏற்றினார். குழந்தையின் புன்னகையும் ஒரு மருத்துவச் சான்றாயிற்று. 1990-களில் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து, சிற்றூர்ச் சுகாதார ஊழியரும் அறியத்தக்க அபாயக் குறிகளை வகுத்தன. 2007-இல் இங்கிலாந்தில் இக்குறிகளைப் போக்குவரத்து விளக்கின் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களைப் போலப் பகுத்து வைத்தார்கள்.

எண்ணை மட்டும் நம்பினால் எவ்வாறு ஏமாறுவோம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அது டெங்குக் காய்ச்சல். 1958-இல் பாங்காக் நகரில் அந்நோய் குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கியது. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் சுசித்ரா நிம்மன்னித்யா என்ற அம்மையார் நோயாளிகளை அருகிருந்து ஆராய்ந்து, நோயின் போக்கை வகுத்தார். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் குருதிக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, நாடி தளர்ந்து, உயிருக்கு அபாயம் நேரும் என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. அவர் வகுத்த நெறிகளைத் தழுவியே 1975-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எழுந்தது. வெப்பமானி 98.6 என்று காட்டுகிறது, வீட்டார் மகிழ்கிறார்கள், குழந்தையோ வயிற்று வலியால் துடித்து, வாந்தியெடுத்து, கை கால் சில்லிட்டுக் கிடக்கிறது. அங்கே எண்ணைப் பார்ப்பவன் குழந்தையை இழப்பான். குழந்தையைப் பார்ப்பவன் காப்பாற்றுவான்.

இந்த நெடிய வரலாறு நமக்குத் தரும் நடைமுறை யாது? மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 இருந்தால் அந்த எண் ஒன்றே போதும். காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதற்கு மூத்த குழந்தையானால், எண்ணோடு குழந்தையையும் பார்க்க வேண்டும். பால் குடிக்க மறுத்தல், குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்ப இயலாத மயக்கம், விரைவு மூச்சு, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவந்த புள்ளிகள், நெடுநேரம் சிறுநீர் கழியாமை - இவற்றுள் ஒன்று கண்டாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஐந்து நாள் கடந்த காய்ச்சலுக்கும் காரணம் தேடியே ஆக வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல், மருந்தின்றியும் விளையாடுகிற குழந்தைக்கு எண்ணுக்காக மருந்து வேண்டுவதில்லை. வலியாலும் அயர்வாலும் வருந்துகிற குழந்தைக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவை வயதால் அன்றி எடையால் மருத்துவர் கணிப்பதே முறை. ஆஸ்பிரின் ஆகாது. தாய்ப்பாலும் நீரும் கஞ்சியும் அடிக்கடி வேண்டும். மெல்லிய ஆடையும் நல்ல காற்றும் வேண்டும். பனிநீரில் குளிப்பாட்டினால் நடுக்கம் மிகும்; சாராயப் பொருளைத் தேய்த்தால் அது தோல்வழி உள்ளே சென்று நஞ்சாகும். இரண்டும் வேண்டா.

பாதரசத்தின் நச்சுத்தன்மை கருதி, 2020-க்குப் பின் பாதரச வெப்பமானிகளைச் செய்வதில்லை என்று 2013-ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. உண்டர்லிக்கின் பாதரசம் விடைபெறுகிறது. நொடியில் எண் காட்டும் மின்கருவிகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. கருவி மாறினாலும் பாடம் மாறவில்லை. கை ஐயத்தை எழுப்பிற்று. எண் ஐயத்தைத் தீர்த்தது. ஆனால் முடிவு கூற வேண்டியது கண். இம்மூன்றில் ஒன்றை மட்டும் நம்பிய காலங்களில் குழந்தைகள் துன்புற்றார்கள் என்பதே வரலாறு.

மாணவ நண்பர்களே, நாளை ஓரிரவு உங்கள் வீட்டிலும் விளக்கு எரியலாம். தம்பியோ தங்கையோ காய்ச்சலில் கிடக்கலாம். படித்த பிள்ளை என்று வீட்டார் உங்கள் முகத்தைப் பார்க்கலாம். அப்போது வெப்பமானியை எடுத்து அளந்து, எண்ணையும் நேரத்தையும் தாளில் குறித்து வையுங்கள். பிறகு அத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து, அதன் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள், அதன் பெயரைச் சொல்லி அழையுங்கள், முகத்தைப் பாருங்கள்.